தம்பியின் சின்னக் குடை

லிப்ட் மெக்கானிக் அக்காவுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், பாதியில் எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பதிலாக இவள் கால் பிரேக் மிதிக்கும். வாசல் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் பரம நிதானஸ்தர். கல்யாணமான புதிதில் இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று தன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அவள் தொழிலும் அப்படி. நகரத்துக் கட்டிடங்களில் ஓடுகிற லிப்ட்களின் அடியிலும் தலையிலும்தான் அவளுக்கு வேலை. கம்பிக்கயிறு ஒருநாள் அறுந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு, அறுந்தால் கூண்டைக் கவ்விப் பிடிக்கிற பிடி சரியாகப் பிடிக்குமா என்று சோதிப்பது. வேலை செய்கிற எதைப் பார்த்தாலும் அது எப்படிக் கெடும் என்றே யோசிக்கிற மூளைக்குச் சம்பளமும் கொடுத்தால் கேட்க வேண்டுமா?

இப்பேர்ப்பட்டவள் லீவு நாளில் விமானத்திலிருந்து குதிக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் குதிக்கிறாள், பல வருஷமாக. ஏன் என்று கேட்டால் அவள் சொல்லும் காரணம் ஒன்றுதான். தரையில் இருக்கும்வரை சரிபார்க்க ஏதாவது ஒன்று பாக்கி இருந்துகொண்டே இருக்கும். கதவைத் தாண்டிவிட்டால் எதுவும் பாக்கி இல்லை. பாராசூட்டைத் திறக்கும் உயரம் வரும்வரை விழுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வாரம் முழுவதிலும் அவள் மனசு சும்மா இருக்கிற நேரம். கணவர் இதைக் கேட்டுவிட்டு, சும்மா இருக்கிறதுக்கு மொட்டைமாடியில பாய் போட்டுப் படுத்தா போதாதா என்றார். அவர் ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறாத மனிதர்.

குதிக்கும் மைதானத்தில் அவளுக்கு 'இன்னொரு தடவை' என்று பெயர். பாதுகாப்புப் பொறுப்பு அவளிடம்தான். விமானம் ஏறுமுன் ஒவ்வொருவரின் மார்புப் பட்டை, தொடைப் பட்டை, இழுக்கிற பிடிகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும், "இன்னொரு தடவை," என்பாள். முணுமுணுப்பார்கள். ஆனாலும் நிற்பார்கள். அவள் கை பட்ட பட்டை அவிழ்ந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. நிறைய வயது வித்தியாசம். அப்பா போன பிறகு அம்மா வேலைக்குப் போக, அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்ததே இவள்தான். இன்றைக்கு அவன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அக்கா குதிக்கிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவன், நானும் குதிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அம்மா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நீ கூட இருக்கேன்னுதான் விடறேன். அவனுக்கு ஒண்ணுன்னா உன்னைத்தான் கேப்பேன்."

சொன்னது ஒரே ஒரு தடவை. ஆனால் அன்றிலிருந்து அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டாள். தம்பி தனியாக ஒரு தடவைகூட மேலே போனதில்லை. இருவரும் ஒரே விமானம், ஒரே கதவு, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒன்றாக வெளியே விழுவார்கள். எதிர்க்காற்றில் அவன் கன்னம் இரண்டும் பொம்மை மாதிரி உப்பி ஆடும். அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். மனசு சும்மா இருக்கிற நேரம் என்று சொன்னேனே, அதில் இந்தச் சிரிப்பும் சேர்த்தி.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒருநாள் தம்பி மைதானத்துக்கு ஒரு சின்னப் பையோடு வந்தான். லாரி ஓட்டுகிற பழைய குதிப்புக்காரர் ஒருவரிடமிருந்து அவருடைய பழைய குடையை வாங்கியிருந்தான். மைதானத்தில் பாராசூட்டைக் குடை என்றுதான் சொல்வார்கள். அக்கா துணியை விரித்துப் பார்த்தாள். முழம் போட்டு இன்னொரு தடவையும் அளந்தாள். அவன் இதுவரை வைத்திருந்ததைவிட அது நன்றாகவே சிறியது.

சின்னக் குடை என்றால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். துணி பெரிதாக இருந்தால் மெதுவாக இறங்கும், நாம் செய்கிற தப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். துணி சிறிதாகச் சிறிதாக வேகம். கைப்பிடியைத் தொட்டால் போதும், வெடுக்கென்று திரும்பும். தெரிந்தவன் கையில் அது புல்லைத் தொட்டும் தொடாமலும் சறுக்கிக்கொண்டு வந்து நிற்கும், பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். தெரியாதவன் கையில் எலும்பை எண்ணிவிடும். வெளியாட்கள் பாராசூட் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்றுதான் கேட்பார்கள். மைதானத்துக்காரர்களின் பயமே வேறு. அழகாகத் திறந்த குடையின் கீழ், எந்தப் பழுதும் இல்லாமல் இறங்கி வந்து, கடைசி நேரத்துத் திருப்பத்தில் நொறுங்கிப் போனவர்களைத்தான் அவர்கள் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

கேன்டீனில் அன்று டீ ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம். இந்தப் பழம்பெருச்சாளிகள் நாலு பேர் கூடினால் ஐந்து அபிப்பிராயம் வரும். லாரிக்காரருக்குப் பெரிய குடை என்றாலே இளப்பம். பெரிய துணியில தொங்கறது ரிவர்ஸ்ல வண்டி ஓட்டற மாதிரி, எப்ப ஊர் போய்ச் சேர என்பார். காற்று பலமாக அடித்தால் பெரிய குடை பின்பக்கமாக அல்லவா போகும் என்பது அவர் கட்சி, அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மைதானத்துத் தலைவரான பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் பெட்டியைத்தான் சொல்வார். குதிக்கிறவன் மயங்கிப் போனாலும் குறிப்பிட்ட உயரத்தில், அவசரத்துக்கென்று முதுகில் இருக்கும் ரிசர்வ் குடையைத் தானாகவே திறந்துவிடுகிற சின்னக் கருவி அது. பெட்டி இல்லாதவனை விமானத்தில் ஏற்றக்கூடாது என்று சண்டை போட்டுச் சட்டமாக்கியவர் அவர். பெட்டி இருக்கிறதென்று மெத்தனம் வந்துவிடும் என்று லாரிக்காரர் எதிர்வாதம் செய்தார். அப்படியென்றால் லாரியில் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்களேன், மெத்தனம் வராது என்றார் டாக்டர்.

அக்கா ஒன்றுதான் சொன்னாள். குதித்த கணக்கு எத்தனையாக இருந்தாலும் சரி, ஒரு படி ஒரு படியாகத்தான் குடையைக் குறைக்க வேண்டும். தம்பி இரண்டு படி தாண்டுகிறான். அகலக்கால் வைத்தால் யாராக இருந்தாலும் விழத்தான் வேண்டும்.

தம்பி கோபப்படவில்லை. என்ன செய்து காட்டினால் சரி என்பாய், சொல் என்றான். அவளும் சொன்னாள். இப்போதிருக்கும் குடையிலேயே தாழ்வான உயரத்தில் தலை சாயாமல் தட்டையாகத் திரும்பிக் காட்டு. பிரேக் என்கிற இரண்டு கைப்பிடிகளையும் பாதி இழுத்து, ஒரு கையை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் குடை சாயாமல் திரும்பும். பயத்தில் ஒரே பக்கம் சடாரென்று இழுத்தால் குடை தலைகுப்புறப் பாயும். இதை அவள் மைதானத்தில் சொல்லாத ஆள் இல்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். தம்பி செய்து காட்டினான். சுண்ணாம்பு வட்டம் போட்டு அதற்குள் இறங்கச் சொன்னாள். இறங்கினான். காற்று போகும் திசையிலேயே இறங்கச் சொன்னாள். அதையும் செய்து, முழங்காலில் புல்கறையோடு சிரித்துக்கொண்டே வந்தான். இன்னொரு தடவை என்றாள். அடுத்த வாரமும் இன்னொரு தடவை என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

கடைசியில் அவன் சிரிப்பதை நிறுத்தினான். வேறு மைதானம் ஒன்று இருக்கிறது, அங்கே கேள்வி கேட்க ஆள் இல்லை, அங்கே போய்க்கொள்கிறேன் என்றான். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கட்டிடத்தின் மோட்டார் அறையில் ஏறி, எதற்கு ஏறினோம் என்று மறந்து நின்றாள். வீட்டில் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். வேண்டாம் என்றால் அவன் கண்காணாத இடத்தில் போய் விழுவான். சரி என்றால் என் கண்முன்னால் விழுவான். இதில் எது தேவலை? கணவரிடம் கேட்டாள். அவர் யாருடைய மூக்குக் கண்ணாடியின் காதையோ வளைத்துக்கொண்டே, "கழுதை வயசாச்சு அவனுக்கு, விட்டுப் பிடி," என்றார். விடுவதுதான் அவளுக்கு வராதே!

பல் டாக்டரிடம் போனாள். அவர் வாய் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். நோயாளிகளை வாயைத் திறக்க வைத்தே பழகியவர், தன் வாயைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"பரீட்சை எல்லாம் நீதான் வெச்சே. அவன் எல்லாத்துலயும் பாஸ்," என்றார். "இதே வேற ஒரு பையனா இருந்தா எப்பவோ சரின்னு சொல்லியிருப்பே. இப்ப பொறுப்பாளரா வேண்டாம்கிறியாம்மா, அக்காவா வேண்டாம்கிறியா?"

எரிச்சலாக வந்தது. டாக்டர் மேல் அல்ல, தன் மேல்தான். மறுநாளே தம்பியைக் கூப்பிட்டுச் சரி என்றாள். ஒரே நிபந்தனை. சின்னக் குடையோடு அவன் முதல் தடவை மேலே போகும்போது அதே விமானத்தில் அவளும் இருப்பாள். அவன், எப்பவும் அப்படித்தானே என்றான்.

அன்றைக்குக் காற்று நிதானமாக இருந்தது. மேகமும் இல்லை. அவளே அவன் பட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள், இன்னொரு தடவையும் பார்த்தாள், அவன் காதுக்குள் ஏதோ சொல்லப் போய் இன்ஜின் சத்தத்தில் விட்டுவிட்டாள். கதவு திறந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். அவன் கன்னம் உப்பி ஆடியது. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரியும் உயரம் வந்ததும் விலகினார்கள், அவரவர் குடை அவரவர் தலைக்கு மேல் விரிந்தது.

இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. வேகமான சின்னக் குடைகள் முதலில், பெரிய குடைகள் பின்னால். ஆகவே தம்பி கீழே, தன் பெரிய குடையோடு அவள் மேலே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் உயரத்திலேயே பிரேக்கை இழுத்து விட்டுப் பழகிப் பார்த்தான். நல்லது. வலப்பக்கம் திரும்பினான். கொஞ்சம் வேகம்தான், இருந்தாலும் நல்லது. அவன் எந்தப் பக்கம் போனானோ அந்தப் பக்கம் தெரியும்படி இவளும் குடையைத் திருப்பிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் இறங்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தாள். உயரம் காட்டும் கருவி அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

தம்பி கடைசித் திருப்பம் எடுத்தான். அவளுக்கு மூச்சு நின்றது. சின்னக் குடை சர்ரென்று கீழே பாய்ந்து, தரைக்குச் சற்று மேலே நிமிர்ந்து, புல்லின் மேல் அவனை வழுக்கிக்கொண்டு போய், நடந்து போகிறவன் மாதிரி நிறுத்தியது. சும்மா சொல்லக் கூடாது, லாரிக்காரர்கூட அப்படி இறங்கியதில்லை. அவள் மூச்சை விட்டாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

சொல்லிவிட்டு முன்னால் பார்த்தாள். கம்பி வேலி!

காற்று முதுகில் தள்ள, நாலு மாடி உயரத்தில், வேலிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் அந்த மைதானத்தில் யாருமில்லை. இரண்டு பிரேக்கும் பாதி, ஒரு கை கொஞ்சம் கூடுதல், தட்டையாகத் திரும்பு. அவள் வலது கை அதையெல்லாம் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுத்தது. எல்லாத் தப்பையும் பொறுத்துக்கொள்ளும் பெரிய குடை அதை மட்டும் பொறுக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையைப் பார்த்துப் பாய்ந்தது. வேலி தப்பியது. இடது கால் தப்பவில்லை.

முதலில் ஓடி வந்தவன் தம்பிதான். சின்னக் குடையை அப்படியே அள்ளி மார்போடு கட்டிக்கொண்டு, கயிறுகள் தரையில் இழுபட, மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தான். அவள் பக்கத்தில் மண்டியிட்டு, எழுந்திருக்காதே, விரலை மட்டும் அசைத்துக் காட்டு என்றான். விரல் அசைந்தது. பின்னாலேயே மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஊருக்கு உபதேசம் பண்ணினவள் கதையைப் பாருங்கள் என்று லாரிக்காரர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அவள் தலைக்கு வைத்தார். இன்னொருவர் அவள் குடையைச் சுருட்டி எடுத்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள்.

தம்பி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். லீவு நாள்தான், ஆனாலும் அவனே உள்ளே போய் மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து எக்ஸ்ரே எடுத்தான். காலை இப்படி வை, அப்படி வை என்று அதிகாரம் வேறு. திரையில் தெரிந்ததை அவளுக்குக் காட்டாமல் கொஞ்ச நேரம் தானே பார்த்துக்கொண்டிருந்தான். கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. ஆபரேஷன் செய்து தகடு வைப்பார்கள், நடக்கலாம், மாடிப்படிதான் கொஞ்ச காலம் கஷ்டம் என்றான். லிப்ட் மெக்கானிக்கிடம் போய் மாடிப்படிக் கவலை!

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"எங்க பாத்துட்டு வந்தேக்கா?"

"காத்து திடீர்னு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"காத்து இல்ல. நான் காலை ஊணினதுலேருந்து உன்னையேதான் பாத்துட்டிருந்தேன். கடைசி வரைக்கும் என் பக்கமே திரும்பியிருந்தே நீ. வேலி வருதுன்னு கத்தினேன். கேக்கல உனக்கு."

அவள் கூரையைப் பார்த்தாள். அப்புறம் அவளே மெதுவாகக் கேட்டாள், அந்தச் சின்னக் குடையை என்ன செய்யப் போகிறாய் என்று. இவ்வளவுக்கும் பிறகு அதை விற்றுவிடுவான் என்று ஆசைப்பட்டாள். கால் போனாலும் அது ஒன்று நடந்தால் போதும் என்றிருந்தது. அதை அப்படியே அவனிடம் சொல்லியும்விட்டாள்.

"விக்க மாட்டேன்," என்றான் தம்பி. "அது ஒழுங்காத்தான் இறங்குச்சு. ஆனா இனிமே உன்கூட ஒரே பிளேன்ல ஏற மாட்டேன்."

கால் வலியை மிஞ்சிய வலி ஒன்று அப்போதுதான் அவளுக்கு நெஞ்சில் வந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விழுகிற அந்த நேரம் இனி இல்லை என்கிறான். தனியாகக் குதிப்பதற்கா உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன் என்று கேட்டாள்.

"நீ மேல இருக்கற அன்னிக்கு நான் கீழ நிக்கறேன். நான் மேல போற அன்னிக்கு நீ கீழ நில்லு."

"கீழ நின்னா மட்டும் நெஞ்சு அடிச்சுக்காதாடா?"

"அடிச்சுக்கும். கால் உடையாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கால் குலுங்கி உயிர் போகிற வலி. சிரிப்பும் அழுகையுமாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், மணிக்கட்டுப் பக்கமாக. அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. அம்மா. யாரோ விஷயத்தை அரைகுறையாகச் சொல்லியிருக்க வேண்டும். அவள் எடுப்பதற்குள் தம்பி எடுத்து, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். அம்மா ஹலோகூடச் சொல்லவில்லை.

"தம்பிக்கு என்னடி ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, நான்தான் பேசறேன். அக்காவுக்குத்தான் கால்ல அடி," என்றான் அவன்.

அம்மாவுக்கு அது புரிய நேரமாயிற்று.

"அவளுக்கா? அவளுக்கு எப்படிடா அடிபடும்? அவதானே உன்னைப் பாத்துக்கிறவ."

"அதனாலதாம்மா," என்றான் தம்பி.